சும்மா நிக்கும்போது மட்டும் ஆஃப் ஆகும் வண்டி

இன்ஜினுக்கு ரொம்பக் கஷ்டமான வேலை எதுன்னு யாரையாவது கேட்டுப் பாருங்கள். மேடு ஏறுறது, மூணு பேரை வச்சு இழுக்குறது என்றுதான் சொல்வார்கள். பலத்தைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் காற்றும் பெட்ரோலும் சரியான அளவில் கலக்க வேண்டும் என்ற கணக்கை எடுத்துக்கொண்டால், இன்ஜினுக்கு நெருக்கடியான நேரம் ஐடிலிங்தான். ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு, சிக்னலில் சும்மா நிற்கிற அந்த ஒரு நிமிஷம்.

ஓடும்போது நன்றாக ஓடி, நின்றால் மட்டும் துடித்துத் துடித்து ஆஃப் ஆகிற வண்டிகளைப் பற்றிய குறிப்பு இது. நான் மெக்கானிக் இல்லை. கணக்குப் போட்டுப் பார்க்கிற பழக்கம் உள்ளவன், ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், அவ்வளவுதான். கார்புரேட்டர் உள்ள 100 சிசி பைக்கை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபிறகு புது வண்டிகளில் பெரும்பாலும் ஃப்யூல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. ஆனாலும் நம் தெருக்களில் இன்றைக்கும் பால், பூ, காய்கறி சுமக்கிற பைக்குகளில் நிறைய கார்புரேட்டர் வண்டிகள்தான்.

சித்தப்பாவின் வண்டி

இதில் நான் இறங்கக் காரணம் என் சித்தப்பா. மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விடிகாலை நாலரைக்குப் பூ எடுத்து, ஏழு கடைகளுக்குப் போடுகிறவர். வண்டி 2011 மாடல். இரண்டு மாதமாக சிக்னலில் நிறுத்தினால் ஆஃப். பின்னாடி மூட்டையோடு காலை ஊன்றிக்கொண்டு உதைத்து ஸ்டார்ட் பண்ண வேண்டும். மல்லிகை வியாபாரத்தில் அரை மணி நேரம் தாமதம் என்பது பணம். மொட்டு விரிய விரிய விலை இறங்கும்.

மெக்கானிக்கிடம் மூன்று முறை போயிருக்கிறார். முதல் முறை பிளக் மாற்றம். இரண்டாவது முறை கார்புரேட்டர் கழுவி, ஏர் ஃபில்டர் மாற்றி, ஐடிலிங் ஸ்க்ரூவை ஏற்றிவிட்டார்கள். மூன்றாவது முறை, "இன்ஜின் போயிருச்சுண்ணே, போர் போடணும், கார்புரேட்டரும் புதுசு மாத்திருவோம், ஏழாயிரம் ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள். அதற்குள் செலவு ஆயிரத்தெட்டு நூறு. ஏழாயிரத்தை வட்டிக்கு வாங்கலாமா என்று என்னிடம் கேட்டார்.

"சித்தப்பா, புகை வருதா?"

"இல்லப்பா."

"ஆயில் குறையுதா?"

"ஊத்துனது அப்படியே இருக்கு."

"ரோட்டுல போகும்போது இழுவை?"

"அதெல்லாம் முன்ன மாதிரிதான் இழுக்குது. நிப்பாட்டுனாத்தான் செத்துப்போகுது."

இந்தக் கடைசி பதிலில்தான் விஷயம் இருக்கிறது. போர் தேய்ந்த இன்ஜின் எல்லா நேரமும் சோர்ந்துதான் இருக்கும். புகை வரும், ஆயில் தின்னும், உதைக்கும்போது கிக்கர் லேசாக இறங்கும். நின்றால் மட்டும் வருகிற நோய்க்குக் காரணம், நின்றால் மட்டும் பெரிதாகிற ஏதோ ஒன்று.

ஐடிலிங்கில் என்ன நடக்கிறது

பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றை உறிஞ்சும். ஐடிலிங்கில் கார்புரேட்டரின் வாய் கிட்டத்தட்ட மூடியிருக்கும். உறிஞ்ச ஆள் இருக்கிறது, உள்ளே வர வழி இல்லை. அதனால் கார்புரேட்டருக்கும் இன்ஜின் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள இன்லெட் குழாயில் காற்றழுத்தம் வெளியே இருப்பதைவிட ரொம்பக் குறைந்துவிடும். இதைத்தான் வேக்குவம் என்கிறோம். ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் வாய் திறக்கும், வேக்குவம் குறையும்.

அந்த இன்லெட் குழாய் இரண்டு இடத்தில் பூட்டப்பட்டிருக்கிறது. ஒரு பக்கம் ஹெட், இன்னொரு பக்கம் கார்புரேட்டர். இரண்டு இணைப்பிலும் கேஸ்கட்டோ ஓ-ரிங்கோ இருக்கும். கடைக்காரர்கள் பொதுவாக 'பேக்கிங்' என்பார்கள். கூடவே கறுப்பாக, கெட்டியாக ஒரு இன்சுலேட்டர் கட்டை இருக்கும். ஹெட்டின் சூடு கார்புரேட்டருக்குப் போய் உள்ளே இருக்கிற பெட்ரோல் கொதித்துவிடாமல் தடுப்பது அதன் வேலை.

இந்த பேக்கிங் எங்காவது விட்டால், வேக்குவம் வெளிக்காற்றை அந்த இடைவெளி வழியாக இழுக்கும். கார்புரேட்டர் வழியாக வருகிற காற்று தன் பங்குப் பெட்ரோலோடு வரும். திருட்டு வழியாக வருகிற காற்று வெறும் காற்று. கலவை நீர்த்துப் போகும். மெக்கானிக்குகள் இதை 'லீன்' என்பார்கள்.

முடி கனத்துக்கு ஒரு இடைவெளி

எவ்வளவு காற்று போகும்? இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கே ஆச்சரியம்.

ஒரு தலைமுடி சுமார் 0.05 மி.மீ. கனம். பேக்கிங்கில் அவ்வளவு இடைவெளி 2 செ.மீ. நீளத்துக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தப் பரப்பு 1 சதுர மி.மீ. உள் அழுத்தம் வெளி அழுத்தத்தில் பாதிக்குக் கீழே போனால், அந்த ஓட்டையில் காற்று ஒலியின் வேகத்தை எட்டிவிடும். அதற்கு மேல் எவ்வளவு உறிஞ்சினாலும் அளவு கூடாது. அந்த உச்ச அளவு, 1 சதுர மி.மீ.க்கு நிமிஷத்துக்குச் சுமார் 12 லிட்டர். ஒற்றை சிலிண்டர் வண்டியில் உறிஞ்சல் விட்டு விட்டுத்தான் நடக்கும், இடைவெளியின் ஓரங்களும் கொஞ்சம் தடுக்கும். அதனால் பாதிக்கும் குறைவாக, 5 லிட்டர் என்று எடுத்துக்கொள்வோம்.

இப்போது இன்ஜின் மொத்தமாக எவ்வளவு காற்று குடிக்கிறது? 100 சிசி இன்ஜின், ஐடிலிங் 1,400 சுற்று. இரண்டு சுற்றுக்கு ஒருமுறை உறிஞ்சும். அப்படியானால் நிமிஷத்துக்கு 700 முறை, ஒவ்வொரு முறையும் 0.1 லிட்டர் இடம். 70 லிட்டர் இடம், ஆனால் வாய் மூடியிருப்பதால் உள்ளே வருவது அதில் மூன்றில் ஒரு பங்குதான். தோராயமாக 25 லிட்டர்.

25-ல் 5. ஐந்தில் ஒரு பங்கு காற்று கார்புரேட்டருக்குத் தெரியாமல் உள்ளே வருகிறது. ஐடிலிங்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 13 பங்கு காற்று (எடைக் கணக்கில்) என்று அமைத்திருந்தால், அது 16-ஐத் தாண்டிவிடும். ஐடிலிங்கில் சிலிண்டருக்குள் பழைய புகையும் கொஞ்சம் தங்கியிருக்கும். அந்தக் கலப்படத்தோடு இவ்வளவு நீர்த்த கலவை ஒருமுறை பற்றும், ஒருமுறை பற்றாது. அதுதான் அந்தத் துடிப்பு.

அதே வண்டி 5,000 சுற்றில் ரோட்டில் போகும்போது? வாய் திறந்திருக்கிறது. நிமிஷத்துக்கு 170 லிட்டருக்கு மேல் காற்று கார்புரேட்டர் வழியாகவே வருகிறது. வேக்குவம் குறைந்துவிட்டதால் ஓட்டையில் போவதும் குறைந்து 2, 3 லிட்டர் ஆகிவிடும். இரண்டு சதவீதம்கூட இல்லை. இன்ஜினுக்கு அது தெரியவே தெரியாது.

நிலையான ஒரு தண்டல் மாதிரிதான் இது. பெரிய வருமானக்காரனுக்கு உறைக்காது, கூலிக்காரனுக்கு அடுப்பு எரியாது. இன்ஜின் ரொம்ப ஏழையாக இருக்கும் நேரம் ஐடிலிங்.

ஐடிலிங் ஸ்க்ரூவை ஏற்றினால் ஏன் சரியானது போலத் தெரிகிறது?

இந்தக் கணக்கு புரிந்தால் இதுவும் புரியும். ஸ்க்ரூவை ஏற்றினால் வாய் கொஞ்சம் திறக்கும். மொத்தக் காற்று கூடும், வேக்குவம் குறையும், ஓட்டையின் பங்கு சுருங்கும். வண்டி நிற்கும். ஒரு வாரம், பத்து நாள். அதற்குள் பேக்கிங் இன்னும் கொஞ்சம் விட்டிருக்கும். மறுபடி ஏற்றல். பெட்ரோல் வீணாகும், சிக்னலில் வண்டி உறுமிக்கொண்டு நிற்கும், நோய் அப்படியே இருக்கும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனாலுக்கு எரிய வேண்டிய காற்று குறைவு. அதனால் வெறும் பெட்ரோலுக்காக அமைத்த பழைய கார்புரேட்டரில் கலவை ஏற்கெனவே சுமார் 7 சதவீதம் நீர்த்துத்தான் இருக்கும். அதற்கு மேல் ஓட்டையும் சேர்ந்தால் தாங்காது. பழைய ரகத்து ரப்பர் ஓ-ரிங்குகள் சிலவற்றுக்கு எத்தனாலும் ஒத்துக்கொள்ளாது.

கழற்றுவதற்கு முன்னால் உறுதி செய்வது

பேக்கிங் விட்டிருக்கிறது என்று சந்தேகப்படக் காரணங்கள்: நின்றால் ஆஃப் ஆவது, சில நேரம் முறுக்கி விட்டால் ஆர்.பி.எம். உடனே இறங்காமல் மேலேயே தொங்குவது. இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டால் சைலன்சரில் 'டப் டப்' என்று வெடிப்பது. பிளக் முனை வெள்ளையாக இருப்பது.

நான் சித்தப்பா வண்டியில் செய்த சோதனைகள் இரண்டு.

ஒன்று, சோக். வண்டி நன்றாகச் சூடானபிறகு சோக்கைப் பாதி இழுத்தேன். சூடான நல்ல வண்டியில் சோக் இழுத்தால் திணற வேண்டும். இது நிதானமாக நின்றது. அப்படியென்றால் கலவையில் பெட்ரோல் போதவில்லை.

ஆனால் பெட்ரோல் போதாமல் போக இன்னொரு காரணமும் உண்டு: பைலட் ஜெட் அடைப்பு. ஐடிலிங்குக்குப் பெட்ரோல் தருகிற மெல்லிய துளை அது. அங்கே தூசி உட்கார்ந்தாலும் இதே அறிகுறிதான். இரண்டையும் பிரிக்கத்தான் அடுத்த சோதனை.

இரண்டு, கிரீஸ். இன்ஜின் ஓடும்போது, இன்லெட் குழாயின் இரண்டு இணைப்பிலும் சுற்றிக் கெட்டியான கிரீஸை ஒரு குச்சியால் அப்ப வேண்டும். ஓட்டை இருந்தால் கிரீஸ் அதை அடைத்துவிடும், இன்ஜின் சத்தம் மாறும். ஹெட் பக்கம் அப்பினேன், மாற்றம் இல்லை. கார்புரேட்டர் பக்கம் அப்பியதும் துடிப்பு நின்று, சுற்று சீராக ஏறியது. அரை நிமிஷத்தில் கிரீஸ் உள்ளே இழுக்கப்பட்டு மறுபடி துடிப்பு. அதற்கு மேல் சாட்சி தேவையில்லை.

சிலர் கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயையோ பெட்ரோலையோ அந்த இடத்தில் அடித்துப் பார்ப்பார்கள். சூடான சைலன்சர் பக்கத்திலேயே இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். கிரீஸ் போதும்.

கழற்றி மாட்டுவது

தேவையானவை: 10 நம்பர் ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், பழைய துணி, வழவழப்பான கண்ணாடித் துண்டு, 400 நம்பர் உப்புத்தாள், உங்கள் மாடலுக்கான புது பேக்கிங், ஓ-ரிங். எனக்கு உதிரிபாகச் செலவு 85 ரூபாய்.

இன்ஜின் முழுசாக ஆறட்டும். பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டர் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலை அடியில் உள்ள ஸ்க்ரூவைத் திறந்து ஒரு டப்பாவில் வடியுங்கள். வீட்டுக்குள் செய்யாதீர்கள், வெளியே காற்றாட இருக்கட்டும். பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

ஏர் ஃபில்டர் ஹோஸின் கிளிப்பைத் தளர்த்தி, கார்புரேட்டரின் இரண்டு நட்டையும் கழற்றினால் அது கையோடு வரும். மேல் மூடியைத் திருகி எடுத்தால் ஆக்ஸிலேட்டர் கேபிளோடு ஒரு சிலிண்டர் வடிவத் துண்டும் ஊசியும் வெளியே வரும். அதை ஒரு சுத்தமான துணியில் சுற்றித் தொங்க விடுங்கள். ஊசி வளையக் கூடாது. ஹெட் பக்கமும் பிரிப்பதாக இருந்தால் குழாயின் இரண்டு போல்ட்டையும் எடுத்துவிட்டு, ஹெட்டின் துளையில் உடனே துணியைத் திணியுங்கள். பழைய கேஸ்கட் துணுக்கு ஒன்று உள்ளே விழுந்தால் 85 ரூபாய் வேலை நிஜமாகவே ஏழாயிரம் ஆகிவிடும்.

சித்தப்பா வண்டியில் ஓ-ரிங் ரப்பராகவே இல்லை. வட்டமாக இருக்க வேண்டியது தட்டையாகி, பிளாஸ்டிக் மாதிரி கெட்டியாகி, வளைத்தால் உடைந்தது. வருஷக்கணக்கில் ஹெட்டின் சூட்டில் நசுங்கிக் கிடந்த ரப்பர் அப்படித்தான் ஆகும்.

பழைய பேக்கிங்கைச் சுரண்ட இரும்பு வேண்டாம். காலாவதியான ஏ.டி.எம். கார்டு நல்ல கருவி. அலுமினியத்தில் ஒரு கீறல் விழுந்தால் அதுவே அடுத்த ஓட்டை.

இனி, பலர் விட்டுவிடுகிற கட்டம். கார்புரேட்டரின் தட்டையான முகத்தில் ஒரு ஸ்டீல் ஸ்கேலை நிமிர்த்தி வைத்து, வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் வெளிச்சம் கசிந்தால் முகம் வளைந்திருக்கிறது. இரண்டு நட்டு மட்டும் உள்ள முகத்தை ஒவ்வொரு முறையும் பலம் கொண்டமட்டும் இறுக்கினால், இரண்டு ஓரமும் முன்னால் இழுபட்டு வில் மாதிரி ஆகிவிடும். பிறகு எத்தனை புது பேக்கிங் போட்டாலும் நடுவில் காற்று போகும். சித்தப்பா வண்டியில் அதுவும் இருந்தது. கண்ணாடியின் மேல் உப்புத்தாளைப் பரப்பி, அதன் மேல் முகத்தை வைத்து, எட்டுப் போடுகிற மாதிரி மெதுவாகத் தேய்த்தால் சமமாகிவிடும். இருபது நிமிஷம் ஆனது. தேய்த்தபிறகு பெட்ரோலில் கழுவி, துளைகளில் தூள் தங்காமல் காற்று ஊத வேண்டும். ஓ-ரிங் பள்ளத்தில் உட்கார்ந்தபிறகு முகத்துக்கு மேலே கொஞ்சம் துருத்திக்கொண்டு நிற்க வேண்டும். அது நசுங்கித்தான் அடைக்கும்.

சிலிகான் பேஸ்ட் தடவினால் இன்னும் நல்லதுதானே என்று சித்தப்பா கேட்டார். கூடாது. பெட்ரோல் பட்டால் அது ஊறி உப்பி, துணுக்காகப் பிய்ந்து உள்ளே போகும்.

மாட்டும்போது இரண்டு நட்டையும் மாற்றி மாற்றி, கால் சுற்று கால் சுற்றாக இறுக்குங்கள். இந்த அளவு நட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் போதும். ஸ்பேனரின் நுனியைப் பிடிக்காமல் நடுவில் பிடித்து இறுக்கினால் ஏறக்குறைய அந்த அளவில் நிற்கலாம். உள்ளே இறக்கும் சிலிண்டர் துண்டில் ஒரு காடி இருக்கும், அது கார்புரேட்டருக்குள் இருக்கிற சின்ன முளையில் உட்கார வேண்டும். ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் ஆக்ஸிலேட்டரை முறுக்கி விட்டுப் பாருங்கள். 'டக்' என்று தானாக மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் ஸ்டார்ட் பண்ணாதீர்கள், வண்டி கட்டுக்கடங்காமல் சீறும்.

ஸ்டார்ட் ஆனதும் இன்ஜின் கத்தும். பயப்பட வேண்டாம். ஓட்டையை ஈடுகட்ட ஏற்றி வைத்த ஐடிலிங் ஸ்க்ரூ இன்னும் அங்கேயே இருக்கிறது. சூடானபிறகு அதை இறக்குங்கள். சித்தப்பா வண்டியில் ஒன்றரைச் சுற்று இறக்க வேண்டியிருந்தது. மறுநாள் காலை ஆறிய இன்ஜினில் நட்டுகளை ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

மொத்தம் இரண்டரை மணி நேரம். வண்டி நிற்கிறது. போர் போடவில்லை, கார்புரேட்டரும் பழையதுதான்.

இன்ஜெக்‌ஷன் வண்டிகளில்

புது வண்டிகளிலும் கார்களிலும் இதே நோய் வேறு முகத்தில் வரும். உள்ளே வரும் காற்றை அளக்கிற சென்சார் உள்ள கார்களில், சென்சாரைத் தாண்டி வரும் திருட்டுக் காற்று கணக்கில் வராது, கலவை நீர்க்கும். சைலன்சர் குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் அதைப் பார்த்துச் சொல்ல, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் கூட்டிச் சமாளிக்கும். ஒரு எல்லை தாண்டினால் செக் இன்ஜின் விளக்கு எரியும், பி0171 என்ற கோடு வரும். சென்சார் அழுத்தத்தை அளக்கிற வகையாக இருந்தால், வந்த காற்றுக்கும் பெட்ரோல் சேர்த்துவிடும். அப்போது ஐடிலிங் இயல்பைவிட மேலே ஏறி நிற்கும், அல்லது ஏறி ஏறி இறங்கும். ஸ்கேனரில் ஐடிலிங்கில் பெட்ரோல் திருத்தம் அதிகமாகவும், 2,500 சுற்றில் இயல்பாகவும் காட்டினால், காற்று எங்கோ கசிகிறது என்று பொருள். மேலே போட்ட அதே கணக்குதான்.

மெக்கானிக்கைக் குறை சொல்லவா?

அதற்காக எழுதவில்லை. ஒரு நாளைக்குப் பதினைந்து வண்டி பார்க்கிறவருக்கு, 85 ரூபாய் பேக்கிங்குக்காக முக்கால் மணி நேரம் தேட யாரும் கூலி தருவதில்லை. நாம் பொருளுக்குப் பணம் கொடுப்போம், கண்டுபிடித்ததற்குக் கொடுக்க யோசிப்போம். அதனால் வைத்தியமும் பொருளை மாற்றுவதாகவே அமைந்துவிடுகிறது.

அந்தத் தேடலை நாம் பாதி செய்து கொடுக்கலாம். வண்டி எப்போது படுத்துகிறது என்று ஒரு வாரம் கவனித்து எழுதி வையுங்கள்: ஆறியிருக்கும்போதா, சூடானபிறகா, நிற்கும்போதா, முறுக்கும்போதா, சோக் போட்டால் மாறுகிறதா. "வண்டி சரியில்ல" என்று போய் நிற்பதற்கும், "சூடானபிறகு நின்னா மட்டும் ஆஃப் ஆகுது, சோக் போட்டா நிக்குது, கார்புரேட்டர் பக்கம் கிரீஸ் வச்சா சரியாகுது" என்று போய் நிற்பதற்கும் பல ஆயிரம் ரூபாய் வித்தியாசம் இருக்கிறது. ஸ்பேனர் பிடிக்க வராதவர்களும் இவ்வளவு செய்யலாம்.